ஏழு கிலோவும் ஓர் இருட்டு ஆல்பமும்

“…பாரம் கொறைவு, வெளிச்சம், தூரம். இந்த மூண்டுல ரெண்டத்தான் மச்சான் ஒரு லென்ஸ் தரும். மூண்டும் ஒண்டா வேணும்னா, தூக்கிட்டு வர இன்னொரு ஆளுக்கும் சேத்து டிக்கெட் போடு,” என்று சொல்லியபடியே என் சிநேகிதன் கமராப் பையை மூன்றாவது தடவையாகத் தராசில் ஏற்றினான்.

அது கூரியர் பார்சல்களை நிறுப்பதற்கென்று அவன் வாங்கிய தராசு. கொட்டாஞ்சேனையில் ஒரு துணிக்கடைக்கு மேலே, செங்குத்தான மரப்படியில் ஏறினால் அவனுடைய கடை. பழைய கமராக்களையும் லென்ஸ்களையும் வாங்குவான், திருத்துவான், விற்பான். பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். நான் பூசைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை, அவன் பள்ளிவாசலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. சாப்பாட்டுப் பெட்டி மட்டும் இருவருக்கும் பொது.

தராசின் சிவப்பு எழுத்து ஆறரை என்று காட்டியது. கையோடு கொண்டுபோவதற்கு விமானத்தில் ஏழு கிலோ விடுவார்கள். ஆறரை என்றால் ஒரு மனிதன் நிம்மதியாக மூச்சு விடலாம். என்னால் முடியவில்லை. என் காலடியில், அவன் கண்ணில் படாதபடி கதிரைக்குக் கீழே தள்ளி வைத்திருந்த சிலிசிலி பிளாஸ்திக் பேக்கில் இன்னும் ஒரு கிலோவும் தொள்ளாயிரம் கிராமும் கிடந்தது. அதைப் பற்றி அவனிடம் நான் வாய் திறக்கவில்லை. “இந்தப் பெரிய குழாய் செய்யிற வேலையைச் செய்யக்கூடிய, ஆனால் பாரமில்லாத ஒரு லென்ஸ் இருக்கா?” என்று மட்டும்தான் கேட்டேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

நேரம் மூன்று மணி. ஆறு மணிக்கு வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டு வாசலுக்கு வேன் வரும். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வழியனுப்ப மனைவியும் மகளும் இன்னும் யார் யாரோவும் ஏறுவார்கள். காலி வீதி நெரிசல் அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பயம்.

பயம் தொடங்கி மூன்று மாதம். அக்கா சுவிஸிலிருந்து போன் எடுத்து, “தம்பி, மகளுக்குக் கலியாணம் முற்றாயிட்டுது. படம் நீதான். வேற ஒருத்தனுக்கும் நான் சொல்லமாட்டன்,” என்ற அன்றே அது தொடங்கியது. சந்தோசம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அக்கா, கலியாணம் நடக்கப்போகிற கத்தோலிக்கக் கோயிலின் உட்புறத்தைக் கைபேசியில் எடுத்து அனுப்பினாள். கல்லால் கட்டிய பழைய கோயில். யன்னல்கள் உயரத்தில், சின்னச் சின்னதாக. உள்ளே மாலை ஆறு மணி போல ஓர் இருட்டு. “இது மத்தியானம் எடுத்தது,” என்று கீழே எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இன்னொரு வரி: “ஃபிளாஷ் அடிக்கக் கூடாதாம். ஃபாதர் கொஞ்சம் கடும்.”

அந்த இரண்டு வரியையும் நான் எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. ஏனென்றால் என் அக்காவின் கலியாணப் படங்களைக் கெடுத்தவன் நான்.

இருபத்தாறு வருடத்துக்கு முன் நடந்தது. அப்போது நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில், சாமான் இறக்குகிறவர்களுக்கு ஆவணம் எழுதும் ஓர் அலுவலகத்தில் கிளார்க். கமராப் பைத்தியம் அப்போதே பிடித்துவிட்டது. ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஃபிலிம் பெட்டிக்குள் வருகிற துண்டுத்தாளைப் படித்துப் படித்துக் கற்றுக்கொண்ட வித்தை. அக்காவின் கலியாணத்துக்குப் படக்காரரைப் பிடிக்கப் போன அப்பாவை நான்தான் மறித்தேன். “நான் எடுப்பன் அப்பா.” இரவல் கமரா, ஒரேயொரு லென்ஸ், பத்தடிக்கு மேல் எட்டாத ஒரு சின்ன ஃபிளாஷ், இரண்டு ரோல் ஃபிலிம். கழுவி வந்தபோது எல்லாம் இருட்டு. மெழுகுதிரிச் சுடர்கள் தெரிந்தன. அக்காவின் முக்காட்டின் வெள்ளை, தூரத்தில் ஒரு தடவல் மாதிரித் தெரிந்தது. மிச்சமெல்லாம் கறுப்பு.

“கிட்டப் போக விடேல்ல. கையில இருந்த லென்ஸ் எட்டேல்ல,” என்று வீட்டில் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அக்கா இரண்டு கிழமையில் அத்தானோடு பிளேன் ஏறிவிட்டாள். அவளுக்குப் படங்கள் சரிவரவில்லை என்ற செய்தி மட்டும் போனது. அம்மா ஒன்றையும் எறிய விடவில்லை. அத்தனை இருட்டுப் படத்தையும் வெல்வெட் அட்டை போட்ட ஒரு பெரிய ஆல்பத்தில் ஒட்டி அலுமாரியில் வைத்தார். “கண்ணுக்குப் பழகினா தெரியும்,” என்பார். அம்மா போன பிறகு அந்த ஆல்பம் என் வீட்டுக்கு வந்தது. நான் அதைத் திறந்ததில்லை.

அதன் பிறகு நான் வாங்கிய ஒவ்வொரு லென்ஸும் அதற்கு முந்தியதைவிட நீளம். கிளார்க் வேலையை விட்டுக் கலியாண வீடுகளில் படம் எடுப்பதையே தொழிலாக்கினேன். கடைசியாக வந்தது பெரிய குழாய். முழங்கையளவு நீளம், ஒன்றரைக் கிலோ. கோயிலின் கடைசி வாங்கில் நின்றபடியே மாப்பிள்ளையின் மீசைமயிரை எண்ணலாம். இருட்டிலும் பார்க்கும். என் மனைவி அதற்கு வைத்த பெயர் பீரங்கி. “இண்டைக்குப் பீரங்கி போகுதோ, சின்னத் துவக்குகள் மட்டுமோ?” என்று கேட்டுத்தான் கலியாண வீடுகளுக்கு என்னை அனுப்புவாள்.

சுவிஸுக்குப் பீரங்கி போகத்தான் வேண்டும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. சந்தேகமெல்லாம் ஏழு கிலோவில்தான்.

இரண்டு சூட்கேஸ்களும் ஏற்கெனவே என் கையில் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒருவன் வெளிநாடு போகிறான் என்றால் அவனுடைய சூட்கேஸ் அவனுடையதல்ல. பாமன்கடையிலிருந்து ஒருவர் பேரப்பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு கொண்டுவந்தார். கல்கிசையிலிருந்து ஒருவர் மூட்டு வலி எண்ணெய். மேல்மாடி அன்ரி மிளகாய்த்தூள். எல்லோரும் “சும்மா ஒரு சின்னப் பார்சல்” என்றுதான் சொன்னார்கள். பெரிய பார்சல் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவரை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.

“வேண்டாம் எண்டு சொல்லேலாதோ?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“நீங்க போயிடுவீங்க. நான்தான் நாளைக்கு லிஃப்டில அவவோட நிக்க வேணும்,” என்றாள்.

ஆகவே கமராவும் லென்ஸும் பற்றரியும் கையோடுதான். பற்றரியை எப்படியும் கீழே போட விடமாட்டார்கள். லென்ஸைக் கீழே போட எனக்கு மனம் வராது. கடையில் ஒரு கொக்கித் தராசு வாங்கிவந்து, பையைக் கொளுவித் தூக்கிப் பார்த்தேன். பை மட்டும், உள்ளே ஒன்றுமில்லாமல், ஒரு கிலோவும் எண்ணூறும். அப்போதுதான் விளங்கியது, இவ்வளவு காலமும் லென்ஸைக் காப்பாற்றுகிற பஞ்சை லென்ஸுக்குச் சமமாகச் சுமந்து திரிந்திருக்கிறேன் என்று. இரண்டு கமரா, பற்றரிகள், சார்ஜர், மண்டபத்துக்கு ஒரு ஃபிளாஷ். எல்லாம் போட நாலு கிலோவுக்கு மேலே. மிச்சம் இரண்டே முக்காலுக்குள் என் கண்கள் எல்லாம் அடங்க வேண்டும்.

பீரங்கியோடு, மண்டபத்துக்கென்று நான் எப்போதும் கொண்டுபோகும் நடுத்தர சூம் லென்ஸ் ஒன்று. தொள்ளாயிரம் கிராம். இரண்டையும் போட்டால் ஏழுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் வேறொன்றுக்கும் இடமில்லை. ஒன்று பழுதானால் கதை முடிந்தது. நாலு நாள் யோசித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த சூமை வெளியே எடுத்தேன். அதற்குப் பதில் சூம் ஆகாத இரண்டு சின்ன லென்ஸ். ஒன்று ஏற்கெனவே என்னிடம் இருந்தது, முப்பத்தைந்து மில்லிமீட்டர். உள்ளங்கைக்குள் அடங்கும். மற்றது எண்பத்தைந்து, இந்தச் சிநேகிதனுடைய கடையில் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று எடுத்துவந்தது. இரண்டும் சேர்த்து எழுநூறு கிராம். இரண்டுக்கும் நல்ல வெளிச்சம். ஆனால் தூரம் கிடையாது. எண்பத்தைந்தால் ஒரு முகத்தை எடுக்க வேண்டுமானால் அந்த முகத்துக்கு ஐந்தாறு காலடிக்குள் நீ போக வேண்டும்.

கொக்கித் தராசு ஆறரை என்றது. எனக்கு ஒரு பெரிய ஆறுதல். பையை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து ஒரு தரம் சும்மா தூக்கிப் பார்த்தேன். ஏழு புள்ளி இரண்டு.

திறந்தால், சூம் லென்ஸ் இருந்த வட்டக் குழிக்குள் ஒரு போத்தல் மாசிக்கருவாட்டுச் சம்பல். மூன்று பைக்குள் சுற்றி, மேலே என் லென்ஸ் துடைக்கும் துணியால் போர்த்தி, பிள்ளையைப் போலப் படுக்க வைத்திருந்தது.

“இஞ்சேருங்கோ, அது மச்சாளுக்கு. வெங்காயம் வதக்கி நானே செய்தது,” என்று குசினியிலிருந்து குரல் வந்தது. “அளவா இருக்குதெல்லே? லென்ஸ் மாதிரித்தான் வட்டம். எக்ஸ்ரேயில பாத்தாலும் லென்ஸ் எண்டுதான் நினைப்பாங்கள்.”

“எண்ணெய் ஒழுகினா?”

“நான் மூடின போத்தல் ஒழுகாது.”

“கையில கொண்டுபோக விடமாட்டாங்கள். எடுத்துக் குப்பையில போடுவாங்கள்.”

“அப்ப உங்கட பீரங்கியை மட்டும் விடுவாங்களோ?”

போத்தல் சூட்கேஸுக்குப் போனது. சூட்கேஸிலிருந்து அதற்கு இடம் விட்டு மூட்டு வலி எண்ணெய் வெளியே வந்தது. அடுத்த நாள் பார்த்தால் பற்றரிகளுக்கு நடுவே ஒரு சின்னப் பொட்டலம், ஏலக்காய். “அது பாரமே இல்லை, மணம்தான்,” என்றாள். அதற்கடுத்த நாள் முப்பத்தைந்துக்குப் பக்கத்தில் ஓர் இடைவெளியில் இரண்டு சோடி பிள்ளைக் காலுறை. நான் கிராமுக்குக் கிராம் வெட்டுவேன்; அவள் கிராமுக்குக் கிராம் நிரப்புவாள். ஒருநாள் கத்திவிட்டேன். அவள் அசையவில்லை. “நீங்க கழட்டினா இடம் வருது. இடம் வந்தா ஆக்கள் சாமான் கொண்டு வருகினம். என்னில என்ன பிழை? வெறும் இடத்தோட ஒருத்தன் பிளேன் ஏறினா, ஊரில அவனுக்கு ஒருத்தரும் இல்லை எண்டுதானே நினைப்பாங்கள்?”

அவள் சொல்கிற சில வார்த்தைகளை நான் கொப்பியில் எழுதி வைப்பதுண்டு. அதையும் எழுதினேன். எழுதிவிட்டு, ஏலக்காயை வெளியே எடுத்தேன்.

பாரம் இப்படி ஏறி இறங்க, உள்ளே எனக்கு வேறொரு பயம். பீரங்கிக்கு ஏதும் நடந்தால் எண்பத்தைந்தை நம்பித்தான் நான் நிற்க வேண்டும். அதைப் பழகிப் பார்க்க, ஞாயிறு மாலை பூசைக்கு எங்கள் வெள்ளவத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். முன்னுக்கு மூன்றாவது வாங்கில் இருந்தால் பீடம் வரைக்கும் நல்ல அளவு. அங்கே இடமும் இருந்தது. ஆனால் என் கால் கடைசித் தூணைத் தாண்டவில்லை. பின்னால் நின்றே நாலு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஃபாதரின் முகம் ஒரு உளுந்தளவு. லென்ஸில் குறை என்று மனதுக்குச் சொன்னேன். பீரங்கி இல்லாமல் போகவே கூடாது என்று முடிவுகட்டினேன்.

பிறகு நேற்றுக் காலை. பை ஆறரையில் நிற்கிறது. மனைவியிடம் இனிமேல் கைவைக்க மாட்டேன் என்று மகள் தலையில் சத்தியம் வாங்கியாயிற்று. அந்த நேரம் பார்த்து அக்கா எடுத்தாள்.

“தம்பி, எல்லாம் கட்டியிட்டியே?”

“கட்டியிட்டன் அக்கா.”

“ஒண்டு கேப்பன், ஏசக் கூடாது. என்ர கலியாண ஆல்பம் உன்னட்டத்தானே கிடக்கு? அதைக் கொண்டு வாவன். மகள் கேக்கிறாள். மண்டபத்தில ஒரு மேசையில ரெண்டு பக்கத்து அம்மா அப்பாட கலியாணப் படமும் வைக்கப் போயினமாம். மாப்பிள்ளை பக்கம் பெரிய பெரிய படமெல்லாம் வைக்கினம். எங்கட பக்கம் ஒண்டுமில்லை.”

“அக்கா, அது ஒண்டும் தெரியாது. முழுக்க இருட்டு.”

“தெரியாட்டிப் பறவாயில்லை. நான் ஒருக்காக் கூடப் பாக்கேல்லயேடா.”

“பாரம் கூட அக்கா. ஏழு கிலோதான் விடுவாங்கள்.”

“ஓம் ஓம், பாரமெண்டா விடு. நீ உன்ர சாமானைக் கவனமாக் கொண்டு வா,” என்றாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த “விடு” என்ற சொல்தான் நேற்றிலிருந்து என் காதுக்குள் நின்றது.

ஆல்பத்தை நிறுத்தேன். ஒன்று புள்ளி ஒன்பது. சூட்கேஸைத் திறக்கலாம் என்றால், இரண்டும் அளவு முட்டி, மனைவி மேலே ஏறி இருந்து பூட்டி, கயிறும் கட்டியாயிற்று. திறந்தால் யாருடைய பார்சலை எடுப்பது? கையோடு என்றால் எட்டு புள்ளி நாலு. ஆல்பத்தை விட்டால் அக்கா. பீரங்கியை விட்டால் அந்த இருட்டுக் கோயில், இன்னொரு தரம் கறுத்த படங்கள், இந்தத் தரம் அவள் மகளுக்கு. மாறி மாறி இதையே நினைத்து, இன்று மத்தியானம் சோறும் இறங்காமல், பையையும் ஆல்பத்தையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். “பிளேன் ஏறிற நாளில கொட்டாஞ்சேனையில என்ன வேலை?” என்று மனைவி படிக்கட்டில் நின்று கத்தியது இரண்டு மாடிக்குக் கேட்டிருக்கும்.

இப்படித்தான் மூன்று மணிக்கு நான் அவன் கடையில், தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அவன் என்னைக் கைவிடவில்லை. பெட்டிக்குள் தேடி ஒரு லென்ஸை எடுத்தான். “இந்தா, ஒன்ட குழாய்ட தூரம் அப்பிடியே இரிக்கி. பாரம் அரைவாசி.”

“வெளிச்சம்?”

“வெளிச்சமும் அரைவாசிதான். வெளிய, கடற்கரையில, சும்மா பறக்கும்.”

“கல்லுக் கோயில் மச்சான். ஃபிளாஷும் இல்லை.”

“அப்ப இது குருடு.” பெட்டிக்குள் திரும்பப் போட்டான். “என்னத்துக்குடா பாரம் கொறைக்கிறாய்? ஆறரைதானே காட்டுது? அரைக்கிலோக்கு நீ தோசை கட்டிட்டுப் போகலாம்.”

என் கால் சிலிசிலி பேக்கை இன்னும் உள்ளே தள்ளியது. அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு கதிரைக்குக் கீழே பார்த்தான். “காலுக்குள்ள என்னத்த ஒளிச்சு வெச்சிருக்காய்?”

“ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லாததுக்கா இப்பிடி வேர்க்குது?” குனிந்து சிலிசிலி பேக்கை இழுத்து எடுத்தான். வெல்வெட் அட்டையை நான் தடுக்கிறதுக்கு முதல் அவன் திறந்துவிட்டான்.

பக்கம் பக்கமாகத் திருப்பினான். பிறகு, லென்ஸ் திருத்தும்போது நெற்றியில் மாட்டுகிற விளக்கை மாட்டி, கண்ணுக்குப் பூதக்கண்ணாடியைப் பிடித்து, ஒரு கறுத்த படத்துக்கு மேலே மூக்கு முட்டக் குனிந்தான்.

“இந்தா ஒன்ட உம்மா. கை வளையல் மின்னுது பாரு. இது ஒங்க வாப்பா, தலையக் குனிஞ்சிட்டு நிக்கிறாரு.” இன்னொரு பக்கம். “இது ஒன்ட அக்காதான், முக்காட்டோட திரும்பிப் பாக்குறா. ஆரத் தேடுறா?”

நானும் குனிந்து பார்த்தேன். அவன் விளக்கின் வெளிச்சத்தில் கறுப்புக்குள் இன்னொரு கறுப்பு பிரிந்து வந்தது. அம்மா சொன்னது மாதிரித்தான். பீடத்தைப் பார்த்து நிற்க வேண்டிய அக்கா, கோயிலின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நின்ற பக்கத்தை.

“மச்சான், உனக்கு ஒரு உண்மை சொல்லட்டே? அண்டைக்கு என்னை ஒருத்தரும் மறிக்கேல்ல. பூசை வைச்ச சுவாமி கையைக் காட்டி முன்னுக்கு வாவெண்டு கூடக் கூப்பிட்டவர். நான்தான் போகேல்ல. அவள் போகப்போறாள் எண்டு எனக்கு அழுகை வந்திட்டுது. கமராவோட முன்னுக்கு நிண்டு அழுதா சனம் சிரிக்குமெண்டு தூணுக்குப் பின்னால…”

“மூக்குச் சிந்திட்டு நிண்டாய்,” என்றான் அவன், ஆல்பத்திலிருந்து தலையை எடுக்காமல். “தெரியும்.”

“என்ன தெரியும்?”

“நான் கடைசி வாங்குல தானேடா இருந்தன். எங்கட வாப்பாவோட வந்து. ஒன்ட தூணுக்கு நேரா.”

இருபத்தாறு வருடம். இந்த மனிதன் என்னோடு எத்தனை தேத்தண்ணி குடித்திருப்பான். “தெரிஞ்சுகொண்டா நீ எனக்கு ஒண்டை விட ஒண்டு நீளமான லென்ஸா வித்தனி?”

“நீ கேட்டாய், வித்தன். ஏவாரம் ஏவாரம் தானே மச்சான்.” சிரித்தான். நெற்றி விளக்கு என் கண்ணில் பட்டது. உடனே அதை அணைத்துவிட்டு, சிரிப்பையும் நிறுத்தினான். “ஆனா இண்டைக்கு விக்க மாட்டன்.”

என் பையைத் தன் பக்கம் இழுத்தான். பீரங்கியை அதன் குழியிலிருந்து தூக்கி மேசையில் வைத்தான். அந்தக் குழியின் பஞ்சுத் தடுப்புகளைப் பிடுங்கி எறிந்தான். ஆல்பத்தை மூடி, அகலப் பக்கமாக உள்ளே இறக்கினான். சரியாக இறங்கவில்லை, முப்பத்தைந்தை வெளியே எடுத்து என் சேட்டுப் பைக்குள் திணித்தான். சிப்பை இழுத்துப் பூட்டித் தராசில் ஏற்றினான். ஆறு புள்ளி ஆறு.

“பாரம் கொறைஞ்சிட்டு. வெளிச்சம் இந்த எண்பத்தஞ்சுல இரிக்கி. தூரத்த விட்டிரு,” என்றான். “நீ கூலிக்கு வந்த படக்காரன் இல்லடா. பொண்ணுட தாய்மாமன். முன் வாங்குல ஒனக்கு எடம் போட்டு வெச்சிருப்பாங்க. அதுல போய் ஒக்காரு. ஒக்காந்துட்டு எடு.”

“ஃபாதர் கடுமாம்.”

“மாமன எழுப்பி விடுற அளவுக்குக் கடுமா?”

“கை நடுங்கினா?”

“நடுங்கட்டும்.”

“நான் அங்கயும் அழுதா?”

பக்கத்துப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியிருந்தார்கள். நான் மேசையில் கிடந்த பீரங்கியைப் பார்த்தேன். வேனுக்கு இன்னும் இரண்டரை மணித்தியாலம் இருந்தது. இன்னும் ஒரு தரம் எல்லாவற்றையும் இறக்கி, மாற்றி அடுக்கிப் பார்க்க நேரம் காணும் என்று என் மனம் கணக்குப் போட்டது. என் கை மெதுவாக மேசைப் பக்கம் போவதை அவன் கண்டிருக்க வேண்டும். பீரங்கியைத் தூக்கிக்கொண்டு போய், பூஞ்சணம் பிடிக்காமல் லென்ஸ்களை வைக்கிற கண்ணாடி அலுமாரியின் அடித்தட்டில் கிடத்தினான். கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைச் சேட்டுப் பைக்குள் போட்டான். ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பாராமல், மரப்படி தடதடவென்று ஒலிக்க இறங்கித் தொழப் போய்விட்டான்.